டாம்பர் சுடப் போகிறீர்களா? வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஆஸ்திரேலியப் பயணம் பற்றி எழுதும்போது, அங்கே முகாம் தீயில் ரொட்டி சுடக் கற்றுத்தரும் வகுப்புகள் உண்டு, போகிறவர்கள் தவறவிடாதீர்கள் என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். விசா, விமானக் கட்டணம் என்று பக்கம் பக்கமாக எழுதியதை யாரும் கண்டுகொள்ளவில்லை, அந்த ஒரு வரிக்குத்தான் கடிதங்கள் குவிந்திருக்கின்றன. அதனால் இந்த முறை ரொட்டியும் தணலும் மட்டும்தான்.

கேள்வி: மகள் மெல்பர்னில் இருக்கிறாள். ஏப்ரலில் நானும் அவள் அப்பாவும் போகிறோம். ஒரு வார இறுதியில் எங்களை ஏதோ 'கேம்ப் ஓவன்' வகுப்பில் சேர்க்கப்போகிறாளாம். நாற்பது வருஷமாக அடுப்படியில் கிடந்தாயிற்று. அவ்வளவு தூரம் போயுமா அடுப்பு ஊத வேண்டும்?
- வாசகி, கோவை

அம்மா, உங்கள் அலுப்பு நியாயம்தான். ஆனாலும் போய்விட்டு வாருங்கள். இந்த வகுப்பில் பாதி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பதுதான் வேலை. மாவு பிசைய பத்து நிமிஷம் ஆகும், அப்புறம் விறகு எரிந்து தணலாகும்வரை நாற்காலியைப் போட்டுக்கொண்டு, தகரக் குவளையில் கடுந்தேநீர் குடித்தபடி முன்பின் தெரியாதவர்களோடு ஊர்க்கதை பேசலாம். உங்கள் வீட்டுக்காரரையும் கட்டாயம் சேர்த்துவிடுங்கள். அங்கே மாவு பிசைவதற்கு ஆண், பெண் என்று யாரும் பார்ப்பதில்லை, அவர் கையில் மாவு ஒட்டுவதைப் பார்க்கவே நீங்கள் போகலாம்.

அங்கே செய்யப்போகும் ரொட்டிக்கு டாம்பர் என்று பெயர். ஈஸ்ட் கிடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆட்டு மந்தையும் மாட்டு மந்தையும் ஓட்டிக்கொண்டு நாள்கணக்கில் நடந்தவர்கள், போர்வைச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு வேலை தேடிப் பண்ணை பண்ணையாக அலைந்தவர்கள், இவர்களுடைய சாப்பாடு அது. பண்ணையில் ஓர் ஆளுக்கு வாரப் படி என்று அளந்து கொடுத்தது 10 பவுண்டு மாவு, 10 பவுண்டு இறைச்சி, 2 பவுண்டு சர்க்கரை, கால் பவுண்டு தேயிலை. அந்த மாவில் உப்பும் தண்ணீரும் சேர்த்துப் பிசைந்து, நெருப்பை ஒதுக்கி, சூடான சாம்பலுக்குள் அப்படியே புதைத்துவிடுவார்கள். வெந்ததும் எடுத்து, சாம்பலைத் தட்டிவிட்டுச் சாப்பிட வேண்டியதுதான். இன்றைய வகுப்புகளில் அவ்வளவு கரடுமுரடாக இருக்காது. பேக்கிங் பவுடர் முன்கூட்டியே கலந்த 'செல்ஃப் ரெய்சிங்' மாவு, கொஞ்சம் வெண்ணெய், பால் சேர்த்துப் பிசைந்து, மூன்று கால் வைத்த கனமான வார்ப்பிரும்புச் சட்டியில் வைத்துச் சுடுவார்கள். அந்தச் சட்டிதான் கேம்ப் ஓவன்.

பணம் கட்டுவதற்கு முன் மகளிடம் ஒரு விஷயம் விசாரிக்கச் சொல்லுங்கள்: தீயை யார் மூட்டுவார்கள், சட்டிக்குத் தணல் எடுத்து வைப்பது யார்? எல்லாவற்றையும் அவர்களே செய்துவைத்து, பிசைந்த மாவை நம் கையில் கொடுத்து உருட்டிப் போடச் சொல்லி, போட்டோ எடுத்து அனுப்பிவைக்கிற இடங்கள் நிறைய உண்டு. விருந்தென்று நினைத்துப் போனால் குறை சொல்ல ஒன்றுமில்லை, வகுப்பென்று நினைத்துப் போனால் காசு வீண். இரண்டு மூன்று பேருக்கு ஒரு சட்டி கொடுத்து, தணல் அள்ளும் கரண்டியையும் உங்கள் கையிலேயே கொடுக்கிற இடமாகப் பார்த்துச் சேருங்கள்.

கேள்வி: வீட்டு ஓவன் என்றால் 200 டிகிரி என்று திருகி வைத்துவிடலாம். தீயில் சூட்டை எப்படிக் கணக்குப் பண்ணுகிறார்கள்? வகுப்பில் இதைச் சொல்லித்தருவார்களா?
- வாசகர், திருநெல்வேலி

வகுப்பே அதற்குத்தான். மாவுக் கலவையை எங்கே வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம். தணலைப் பார்த்துச் சூடு சொல்ல மட்டும் பக்கத்தில் ஒருவர் இருந்து காட்ட வேண்டும்.

முதலில், கொழுந்துவிட்டு எரியும் தீயில் யாரும் ரொட்டி சுடுவதில்லை. தீ மூட்டுவது தணல் உண்டாக்குவதற்கு மட்டும். நல்ல வகுப்பில் பெரிய தீ ஒரு பக்கம் எரிந்துகொண்டிருக்கும், சுடுகிற இடம் அதற்கு இரண்டடி தள்ளி இருக்கும். கங்குகள் மேலே வெள்ளைச் சாம்பல் படிந்து உள்ளே சிவந்து கிடக்கும்போது கரண்டியால் அள்ளிக்கொண்டுபோய்ச் சட்டிக்குக் கீழே கொஞ்சம், மூடிக்கு மேலே நிறைய வைக்க வேண்டும். கேம்ப் ஓவன் மூடியைச் சுற்றி ஒரு விளிம்பு எழும்பியிருப்பது எதற்கென்று அப்போதுதான் புரியும், மேலே வைத்த கங்கு உருண்டு விழாமல் இருக்கத்தான். நம் ஊரில் மின்சார ஓவன் வராத காலத்தில் குமுட்டி அடுப்பில் பாத்திரத்தை வைத்து, மூடிமேல் கரி நெருப்புப் போட்டு கேக் செய்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ரொட்டிக்கு மேலே இரண்டு பங்கு, கீழே ஒரு பங்கு. இதை மாற்றி வைத்தால் அடி கருகி மேல்பக்கம் பச்சையாக நிற்கும். விறகுத் தணலை எண்ண முடியாது, கண்ணளவுதான். ஒரே அளவில் வரும் கரிக்கட்டிகளில் சுடுவதென்றால் அமெரிக்காவில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அங்கே இதே சட்டிக்கு டச் ஓவன் என்று பெயர். சட்டியின் விட்டம் எத்தனை அங்குலமோ அதைப்போல் இரண்டு மடங்கு கட்டிகள் வேண்டும். 12 அங்குலச் சட்டிக்கு 24, அதில் மேலே 16, கீழே 8. இதில் சுமாரான சூடு கிடைக்கும், இன்னும் வேண்டுமென்றால் இரண்டு மூன்று கட்டி கூட்டிக்கொள்ளலாம்.

சட்டி சூடேறியதா என்று பார்க்கும் வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. செய்தித்தாளில் உள்ளங்கை அளவு கிழித்து வெறும் சட்டிக்குள் போட்டு மூடிவிடுவார்கள். சில நிமிஷம் கழித்துத் திறந்து பார்த்தால், தாள் லேசாகப் பழுத்திருந்தால் சூடு போதாது, நல்ல பழுப்பாக இருந்தால் மாவை வைக்கலாம், கருகிப் புகைந்தால் கீழிருக்கும் தணலில் பாதியை இழுத்துவிட்டுக் கொஞ்சம் பொறுக்க வேண்டும். கைக்கணக்கும் உண்டு. தணலுக்கு ஒரு சாண் மேலே உள்ளங்கையை நீட்டி மெதுவாக எண்ணினால், நாலைந்து எண்ணுவதற்குள் இழுத்துக்கொள்ளத் தோன்றினால் சூடு தாராளம். பாத்திரம் தேய்த்துக் காய்ந்த கைக்கும் கம்ப்யூட்டர் தட்டுகிற கைக்கும் இந்த எண்ணிக்கை ஒன்றாக இருக்காது, அதனால் நான் தாள் கட்சி.

காற்று அடிக்கிற பக்கம் தணல் வேகமாகச் சிவக்கும், ரொட்டியும் அந்தப் பக்கம் மட்டும் கறுக்கும். அதற்காகப் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை சட்டியை ஒரு பக்கம் கால் வட்டம், மூடியை எதிர்ப்பக்கம் கால் வட்டம் திருப்பச் சொல்வார்கள். சட்டிக்குள் சின்ன கம்பித்தட்டு ஒன்று வைத்து, அதன்மேல் மாவை வைத்தால் அடி பிடிக்காது.

மூடியைத் தூக்குவதுதான் எல்லாரும் பயப்படுகிற கட்டம். நீளமான கொக்கியை மாட்டி, துளிகூடச் சாயாமல் நேராக மேலே தூக்கி, அப்படியே பக்கவாட்டில் கொண்டுபோக வேண்டும். ஆவலில் எட்டிப்பார்க்க மூடியைச் சாய்த்தீர்களோ, அரைக்கரண்டி சாம்பல் ரொட்டியின் தலையில் விழும். வெந்துவிட்டதா என்று தெரிய ரொட்டியை எடுத்து அடியில் விரலால் தட்டிப் பாருங்கள். உள்ளே வெற்றிடம் மாதிரி 'டொக்' என்று கேட்டால் வெந்துவிட்டது, மந்தமாகக் கேட்டால் திரும்ப உள்ளே வையுங்கள். இன்னொன்று, சூடான வார்ப்பிரும்பில் பச்சைத்தண்ணீர் ஊற்றினால் சட்டி விரிசல் விட்டுவிடும். கழுவித் தருகிறேன் என்று ஆர்வக்கோளாறில் அடுத்தவர் சட்டியை உடைத்துவிடாதீர்கள்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம், முட்டைகூட இல்லை. இந்த வகுப்பில் எங்களுக்கு ஏதாவது இருக்குமா?
- வாசகர், கும்பகோணம்

டாம்பரில் முட்டை சேர்ப்பதில்லை. மாவு, உப்பு, வெண்ணெய், பால் அல்லது தண்ணீர், அவ்வளவுதான். மேலே ஊற்றிக்கொள்ளும் கோல்டன் சிரப் கரும்புச் சர்க்கரைப் பாகு, தாராளமாகச் சாப்பிடலாம். சிக்கல் சட்டியில்தான். வார்ப்பிரும்பைத் துருப்பிடிக்காமல் பழக்க எண்ணெயோ கொழுப்போ பூசிச் சூடாக்குவார்கள், சிலர் மாட்டுக்கொழுப்பும் பூசுவது உண்டு, அதே சட்டியில் முந்தைய நாள் ஆட்டுக்கறி வெந்திருக்கவும் கூடும். சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவும் வழக்கமும் பலரிடம் கிடையாது. முன்பதிவு செய்யும்போதே 'இறைச்சி சமைக்காத சட்டி வேண்டும், தாவர எண்ணெய் பூசியதாக இருக்க வேண்டும்' என்று எழுதிக் கேளுங்கள். முடியாது என்றால் சட்டியை விட்டுவிட்டு, பச்சைக் குச்சியில் மாவைச் சுற்றித் தணலில் காட்டிச் சுடும் முறைக்கு மாறிக்கொள்ளலாம். அதற்குப் பாத்திரமே தேவையில்லை, சுவையும் ஒன்றும் குறையாது.

கேள்வி: பள்ளி விடுமுறையில், ஜனவரி முதல் வாரம் போகிறோம். வகுப்புக்குப் பணம் கட்டலாமா என்று யோசிக்கிறேன். "தீத் தடை வந்தால் ரத்து" என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அது என்ன?
- வாசகி, சென்னை

அந்தச் சின்ன எழுத்தைப் படித்தீர்களே, அதற்கே ஒரு சபாஷ். ஜனவரி அங்கே கோடையின் உச்சம். காற்றும் வெயிலும் சேர்ந்து அடிக்கும் நாட்களில் மாவட்டம் மாவட்டமாக முழுத் தீத் தடை அறிவிப்பார்கள். அன்றைக்கு வெட்டவெளியில் விறகுத் தீ மூட்டினால் சட்டப்படி குற்றம், பெரிய அபராதம், சிறைகூட உண்டு. இதில் 'கொஞ்சூண்டு தீதானே' என்கிற பேச்செல்லாம் எடுபடாது. 2019-20 கோடையில் எரிந்த காடுகளையும் ஊர்களையும் அங்கே யாரும் மறக்கவில்லை. 2022 செப்டம்பர் முதல் நாடு முழுவதும் ஒரே மாதிரியான தீ அபாய அளவு வைத்திருக்கிறார்கள். மிதம், அதிகம், கடுமை, பேரழிவு என்று நான்கு படிகள். சாலையோரம் அரைவட்டப் பலகையில் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே போகலாம்.

ஜனவரியில் தெற்குப் பக்கம், அதாவது விக்டோரியா, தெற்கு ஆஸ்திரேலியா போகிறவர்கள் இந்த வகுப்பை நம்பித் திட்டம் போட வேண்டாம் என்பதுதான் என் கட்சி. பணம் முழுசாகத் திரும்ப வருமா, வேறு தேதி மட்டும்தான் தருவார்களா, இல்லை எரிவாயு அடுப்பில் நடத்தி முடித்துவிடுவார்களா என்று கேளுங்கள். கடைசிப் பதில் வந்தால் கட்டாதீர்கள், கேஸ் அடுப்பு நம் வீட்டிலேயே இருக்கிறது. ஏப்ரல் கடைசி, மே என்றால் தெற்கில் நிம்மதி. ஜூன், ஜூலை என்றால் நாட்டின் நடுவில் இருக்கும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பக்கம் போங்கள். ராத்திரி குளிர் பூஜ்யம் டிகிரியைத் தொடும், தீப்பக்கத்தில் உட்கார அதைவிடக் காரணம் வேண்டாம்.

கேள்வி: எட்டு வயதுப் பையனையும் அழைத்துப் போகலாமா?
- வாசகர், ஈரோடு

போகலாம். குச்சி ரொட்டி அவனுக்காகவே கண்டுபிடித்தது மாதிரி இருக்கும். கட்டைவிரல் பருமனில் குச்சி, அதன் முனையில் மாவைப் பாம்பு மாதிரி உருட்டிச் சுற்றி, தணலுக்கு மேலே பொறுமையாகத் திருப்ப வேண்டும். பொறுமை இருக்காது, தீக்குள்ளேயே நீட்டுவான், வெளியே கரியும் உள்ளே பச்சை மாவுமாக ஒன்று வரும், அதையும் பெருமையாகத் தின்பான். வெந்ததை உருவினால் நடுவில் குழல்மாதிரி ஓட்டை இருக்கும், அதில் கோல்டன் சிரப்பை ஊற்றிக் கொடுங்கள். எந்த மரத்துக் குச்சி என்று நடத்துகிறவரைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். அரளி போன்ற நச்சுச்செடிகள் அங்கேயும் வளர்கின்றன.

செருப்பு வேண்டாம், மூடிய காலணி போட்டுவிடுங்கள். அப்புறம் மணல். ஆற்றங்கரையிலோ கடற்கரையிலோ முன்பு யாரோ மூட்டிய தீயை மணலால் மூடிவிட்டுப் போயிருப்பார்கள், மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது, அடியில் கங்கு பல மணி நேரம் அப்படியே கொதித்துக்கொண்டிருக்கும். அங்கே குழந்தைகளின் கால் வெந்துபோவது பெரும்பாலும் இப்படித்தான். அதனால்தான் தீயை அணைக்க மண் போடாதே, தண்ணீர் ஊற்று என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். விக்டோரியாவில் முகாம் தீயைச் சுற்றி மூன்று மீட்டருக்குச் சருகு, புல் இருக்கக் கூடாது, பக்கத்தில் குறைந்தது பத்து லிட்டர் தண்ணீர் வைத்திருக்க வேண்டும், கிளம்பும்போது சாம்பலில் கை வைத்தால் சில்லென்று இருக்க வேண்டும். சூடு பட்டுவிட்டால் ஓடும் குழாய்த்தண்ணீரில் இருபது நிமிஷம் காட்டுங்கள். பற்பசை, இங்க், மஞ்சள் எதுவும் தடவாதீர்கள்.

மரே ஆற்றங்கரைப் பக்கம் முகாம் என்றால் பெரிய செம்பிசின் யூகலிப்டஸ் மரங்களுக்குக் கீழே கூடாரம் அடிக்கவோ நாற்காலி போடவோ வேண்டாம். காற்றே இல்லாத நாளில்கூடத் திடீரென்று கிளை ஒடிந்து விழும் சாதி அது. அதன் விறகு மட்டும் தங்கம், கங்கு நின்று எரியும். அதற்காகக் கண்ட இடத்தில் பொறுக்கக் கூடாது, பல தேசியப் பூங்காக்களில் சுள்ளி எடுப்பதே தடை.

கேள்வி: டாம்பர் வெள்ளைக்காரர்கள் கண்டுபிடித்த ரொட்டி என்றுதான் எல்லாரும் எழுதுகிறார்கள். அதற்கு முன் அந்த மண்ணில் ரொட்டியே இல்லையா?
- வாசகர், மதுரை

இருந்தது, எத்தனையோ ஆயிரம் ஆண்டுகளாக. நியூ சவுத் வேல்ஸின் வடபகுதியில் கடி ஸ்பிரிங்ஸ் என்ற இடத்தில் கிடைத்த அரைக்கும் கற்களின் வயது சுமார் 30,000 ஆண்டு என்கிறார்கள். அந்த நிலத்தின் பூர்வகுடிகள் காட்டுத் தினை வகைகள், புல் விதைகள், வேல மர விதைகள் இவற்றைப் பொறுக்கி, புடைத்து, கல்லில் அரைத்து, தண்ணீர் விட்டுப் பிசைந்து சாம்பலில் சுட்டார்கள். பெரும்பாலும் பெண்கள் செய்த வேலை. சாம்பலில் ரொட்டி சுடுவது வந்தவர்கள் கொண்டுவந்த வித்தை அல்ல, அவர்கள் மூட்டையில் கொண்டுவந்தது கோதுமை மாவு மட்டும்.

இதை மதிக்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. பர்க், வில்ஸ் என்ற இரண்டு பேர் தலைமையில் 1860இல் மெல்பர்னிலிருந்து ஒரு கூட்டம் கண்டத்தைத் தெற்கு வடக்காகக் கடக்கக் கிளம்பியது. திரும்பி வரும் வழியில், 1861இல், கூப்பர் க்ரீக் என்ற ஓடையோரம் உணவு தீர்ந்துபோனது. அங்கிருந்த யந்த்ருவந்தா மக்கள் நார்டூ என்ற நீர்ச்செடியின் காய்களை அரைத்து ரொட்டி செய்து சாப்பிட்டதைப் பார்த்து இவர்களும் செய்தார்கள். நம் ஆரைக்கீரை இருக்கிறதே, நாலு இலையோடு வயல் ஓரத்தில் வளரும், அதன் சொந்தக்காரச் செடிதான் நார்டூ. அதில் வைட்டமின் பி1ஐச் சிதைக்கும் ஒரு நொதி இருக்கிறது. அந்த மக்களுக்கு அதைப் பக்குவப்படுத்தும் முறை தெரியும், வந்தவர்கள் அரைகுறையாகப் பார்த்துச் செய்தார்கள். வயிறு நிறையத் தின்றும் உடம்பு நாளுக்கு நாள் வற்றி, பர்க்கும் வில்ஸும் அங்கேயே செத்துப்போனார்கள். பி1 குறைபாடும் அதற்கு ஒரு காரணம் என்று பின்னாளில் ஆராய்ந்தவர்கள் கருதுகிறார்கள். கூட இருந்த கிங் என்பவர் யந்த்ருவந்தா மக்களோடு போய்ச் சேர்ந்துகொண்டார், அவர்கள் சோறு போட்டுக் காப்பாற்றினார்கள், பிழைத்து ஊர் திரும்பினார்.

பூர்வகுடிகளே நடத்தும் காட்டுணவு நடைகள், வகுப்புகள் பல ஊர்களில் உண்டு. இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் அதற்குப் போங்கள். வறுத்து அரைத்த வேல விதைப்பொடி சேர்த்த டாம்பர் கொடுப்பார்கள், காபிப்பொடியும் கோகோவும் கலந்த மாதிரி வாசனை வரும். ஊட்டி, கொடைக்கானலில் வெள்ளைக்காரன் நட்டுவிட்டுப்போய் இன்று காடெல்லாம் மண்டிக்கிடக்கும் வாட்டில் மரமும் ஆஸ்திரேலிய வேலமர வகைதான். அதற்காக அங்கே போய் விதை பொறுக்காதீர்கள், எல்லா வேலமர விதையும் தின்னக்கூடியதல்ல.

கேள்வி: திரும்பும்போது ஒரு கேம்ப் ஓவன் வாங்கி வரலாமா? இங்கிருந்து போகும்போது நெய், மசாலா, மாவு கொண்டுபோகலாமா?
- வாசகி, சேலம்

சட்டி நடுத்தர அளவே ஆறேழு கிலோ இருக்கும். பேரப்பிள்ளைக்கு வாங்கிய சட்டை துணிமணியைப் பாதி அங்கேயே விட்டுவர மனசிருந்தால் வாங்குங்கள்.

கொண்டுபோவதைப் பொறுத்தவரை ஒரே விதிதான். விமானத்தில் கொடுக்கும் வருகை அட்டையில் சாப்பாட்டுப் பொருள் எது இருந்தாலும் 'ஆம்' என்று எழுதிவிடுங்கள். அதிகாரி பார்ப்பார், ஆகாதென்றால் வாங்கி வைத்துக்கொள்வார், அதோடு சரி. எழுதாமல் மறைத்து மாட்டினால்தான் அபராதம். பால் சார்ந்த நெய், பால்கோவா வகையறாவைத் தவிர்த்துவிடுங்கள். வகுப்புக்கு எதுவுமே கொண்டுபோகத் தேவையில்லை. சீரகமும் பச்சைமிளகாயும் டாம்பரில் போட்டால் பிரமாதமாக இருக்கும், அது அங்கேயே எந்த இந்தியக் கடையிலும் கிடைக்கும்.

கேள்வி: சேலை கட்டிக்கொண்டு போகலாமா?
- வாசகி, தஞ்சாவூர்

வேண்டாம். குனிந்து தணல் அள்ளும்போது முந்தானை எங்கே போகும் என்று சொல்ல முடியாது. பருத்திச் சுடிதார் என்றால் துப்பட்டாவைக் காரிலேயே வைத்துவிடுங்கள். நைலான், பாலியஸ்டர் ஜாக்கெட் மேல் ஒரு பொறி பறந்தால் உருகி ஓட்டை விழும், குளிருக்குக் கம்பளிதான் நல்லது. தலைமுடியில் ஏறும் புகைவாசனை இரண்டு முறை அலசினாலும் போகாது, மறுநாள் கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ போவதாக இருந்தால் தலையில் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆஸ்திரேலியா எல்லாம் எங்களுக்கு எட்டாது. மொட்டைமாடியில் செய்ய வழி சொல்லுங்கள்.
- வாசகி, நாகர்கோவில்

மைதா மூன்று கப், அதாவது 450 கிராம். பேக்கிங் பவுடர் மட்டமாக ஆறு டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன். மூன்றையும் சலித்துக்கொண்டு, குளிர்ந்த வெண்ணெய் 80 கிராமைத் துண்டு துண்டாகப் போட்டு, விரல்நுனியால் ரவைபோல் உதிரும்வரை தேய்க்க வேண்டும். பிறகு பால் முக்கால் கப்பில் தொடங்கி, மாவு சேரும்வரை கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, கத்தி முனையால் கிளறுங்கள். நம் கை பழகிப்போய்ச் சப்பாத்தி மாவு மாதிரி அழுத்திப் பிசையத் துடிக்கும், விடாதீர்கள். பிசையப் பிசைய மாவு இழுவையாகி ரொட்டி கல்லாகும், பார்க்கக் கொஞ்சம் முரடாக இருந்தால்தான் சரி. பேக்கிங் பவுடர் ஈரம் பட்டதும் வேலையைத் தொடங்கிவிடும், பிசைந்து வைத்துவிட்டு சீரியல் பார்க்கப் போகாதீர்கள், சட்டி தயாரான பிறகு பால் ஊற்றுங்கள். முழுக்க கோதுமை மாவில் செய்தால் கனத்துப்போகும், பாதிக்குப் பாதி கலக்கலாம்.

கேம்ப் ஓவனுக்குப் பதில், அடி கனத்த வார்ப்பிரும்புச் சட்டி, அதை மூடும் அளவுக்கு நடுவில் லேசாகக் குழிந்த பழைய இரும்புத் தோசைக்கல். கொட்டாங்கச்சிக் கரியை நன்றாகப் பற்றவைத்து, கங்கு வெள்ளை பூத்ததும் இரண்டு செங்கலுக்கு நடுவில் கொஞ்சம் பரப்பிச் சட்டியை வையுங்கள். தாள் சோதனை முடித்து, உள்ளே சின்ன கம்பித்தட்டில் மாவு தடவிய தட்டை வைத்து, மேலே கத்தியால் சிலுவைபோல் கீறிய மாவு உருண்டையை வைத்து, தோசைக்கல்லால் மூடி, அதன்மேல் இரண்டு பங்கு தணல். அரைமணி கழித்துப் பாருங்கள், தேவைப்பட்டால் இன்னும் பத்து நிமிஷம். கொட்டாங்கச்சித் தணல் மேலே சீக்கிரம் தணிந்துவிடும், பக்கத்தில் இன்னொரு குவியல் தணல் தயாராக இருக்கட்டும். மழை என்று சமையலறைக்குள்ளோ கதவு சாத்திய அறைக்குள்ளோ இதைச் செய்யவே கூடாது, கரி நெருப்பு விடும் கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைக் கொல்லும்.

கேள்வி: இந்தியாவுக்குள்ளேயே இதுபோல் பயணத்தில் கற்றுக்கொள்ள ஏதாவது உண்டா?
- வாசகர், விழுப்புரம்

ராஜஸ்தானுக்குப் போங்கள். பாட்டி என்று ஒரு ரொட்டி, நம் பாட்டி இல்லை, கோதுமை மாவும் நெய்யும் சேர்த்து உருட்டி, வறட்டி எரிந்த தணலிலும் சாம்பலிலும் புரட்டிச் சுடுவார்கள். சுட்டதைத் துணியால் துடைத்து, விரலால் அழுத்திப் பிளந்து, நெய்க்குள் முக்கி, பருப்போடு தருவார்கள். உதயப்பூர் பக்கம் தங்கும் வீடுகளில் கேட்டால் வீட்டம்மாவே உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பார். பீகாரில் இதன் தங்கை லிட்டி, உள்ளே கடலைச் சத்துமாவும் பச்சைமிளகாயும் வைத்தது. இரண்டில் எது என்றால் என் ஓட்டு லிட்டிக்கு. டிசம்பர், ஜனவரியில் போங்கள், மே மாதம் ராஜஸ்தானில் தணல் பக்கம் உட்காரவே முடியாது.